இத்தாலியச் சொல்லை அசை பிரித்துப் படிப்பது எப்படி? ஒலி, அழுத்தம், வேர்: முழுமையான வழிகாட்டி

இத்தாலிய மொழி நம்மிடம் வந்து சேரும் வழியே கோணலாக இருக்கிறது. உணவகத்தின் மெனு, காரின் விளம்பரம், ஸ்கூட்டரின் பெயர் என எல்லாவற்றையும் ஆங்கிலம் முதலில் வாங்கி, தன் நாக்குக்கு ஏற்றபடி வளைத்து, பிறகுதான் நம்மிடம் தருகிறது. அதனால் 'பாஸ்டா' என்கிறோம், 'புரூஷெட்டா' என்கிறோம். இத்தாலியத்தில் டகரமே கிடையாது. அங்கே நாக்கு மேலண்ணத்துக்குப் போவதில்லை. பல்லின் பின்புறத்தைத் தொட்டுத் திரும்புகிறது. நம் 'தலை'யில் வரும் தகரம் எங்கே பிறக்கிறதோ அங்கேதான் அவர்களுடைய தகரமும் பிறக்கிறது. ஆங்கிலத்தின் தோளில் ஏறாமல் தமிழிலிருந்து நேராக இத்தாலியத்துக்குப் போனால் பாதித் தொலைவு குறைந்துவிடும்.

புதிதாகக் கற்பவர்கள் பெரும்பாலும் எழுத்துகளின் ஒலியைத்தான் முதலில் மனப்பாடம் செய்கிறார்கள். நான் சொல்வது வேறு வரிசை. எழுத்துகளை ஒருமுறை பார்த்துவிட்டு உடனே அசை பிரிக்கப் பழகுங்கள். உயிர் நீள்வதா குறுகுவதா, அழுத்தம் எங்கே விழும், மெய் ஏன் இரட்டிக்கிறது, சொல்லின் வேர் எது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் அசையில்தான் இருக்கிறது.

முதலில் ஓர் ஒப்பந்தம்

இத்தாலியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே காட்டப்போகிறேன். அசைகளுக்கு நடுவே சிறுகோடு இருக்கும். உயிரில் முடிவது திறந்த அசை, மெய்யில் முடிவது மூடிய அசை. அழுத்தம் விழும் திறந்த அசைக்கு மட்டும் நெடில் எழுதுவேன்; மற்ற உயிர்கள் எல்லாம் குறில். நெடிலே இல்லாத சொல்லில், கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மாறினால் அங்கேயே சொல்லிவிடுவேன். ச என்றால் 'பச்சை'யில் கேட்கும் ஒலி. ஸ என்றால் 'பஸ்'ஸில் கேட்கும் ஒலி.

சிறுகோட்டுக்கு அடுத்து க, த, ப வந்தால் அதை ஒரு புதிய சொல்லின் தொடக்கம்போலச் சொல்லுங்கள். கடல், தலை, படம் என்பவற்றின் முதல் எழுத்துபோல. இது மிக முக்கியம். நண்பன் என்று பொருள்படும் அ-மீ-கொ என்ற சொல்லைச் சேர்த்து எழுதினால், நம் நாக்கு நடுவில் வரும் ககரத்தைத் தானாகவே 'தங்கம்' என்பதில் வரும் ககரமாக மாற்றிவிடும். ஸ்பானிய மொழிக்கு அது சரி, இத்தாலியத்துக்குத் தவறு. மெலிந்த ஒலி வேண்டிய சில இடங்களில் 'தங்கத்தின் க', 'பந்தின் த', 'கம்பத்தின் ப' என்று தனியே குறிப்பிடுவேன்; மற்றவற்றை அகராதியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளை ஒருமுறை பார்த்துவிடலாம்

இத்தாலிய நெடுங்கணக்கில் 21 எழுத்துகள். இவை போக ஐந்து எழுத்துகள் அயல்மொழிச் சொற்களுக்காக மட்டும் வந்து போகும். பெரும்பாலானவை எழுதியபடி ஒலிப்பவை. கவனிக்க வேண்டியவை மூன்று: சி (c), ஜி (g), ஆக்கா (h). இவை இத்தாலியர்கள் சொல்லும் எழுத்துப் பெயர்கள்.

சி என்ற எழுத்து எகர, இகர உயிர்களுக்கு முன்னால் ச ஆகவும், மற்ற எல்லா இடங்களிலும் க ஆகவும் ஒலிக்கும். வீடு கா-ஸ. இரவு உணவு சே-ன. இரண்டும் ஒரே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஜியும் அப்படியே: எகர, இகரத்துக்கு முன் ஜ, மற்ற இடங்களில் தங்கத்தின் க. ஐஸ்கிரீம் ஜெ-லா-தொ, பூனை கத்-தொ.

எகரத்துக்கு முன்னால் ககர ஒலிதான் வேண்டும் என்றால் என்ன செய்வது? நடுவில் ஆக்காவை நுழைக்கிறார்கள். ஆக்காவுக்குச் சொந்த ஒலி கிடையாது. சியையும் ஜியையும் கடினமாக்குவதுதான் அதன் முக்கிய வேலை. லம்போர்கீனியில் கீ வருவதும் ஸ்ப-கெத்-தியில் கெ வருவதும் அதனால்தான். தலைகீழாக, அகரத்துக்கு முன் ச வேண்டும் என்றால் ஓர் இகரத்தைச் செருகுவார்கள். அந்த இகரம் வெறும் அடையாளம். அதைச் சொல்லக் கூடாது. ஜொ-வன்-னி என்ற பெயரை 'ஜியோவன்னி' என்று நீட்டுவது ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துப் படித்த பழக்கம்.

1680இல் வட இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டுக்கு வந்து வீரமாமுனிவர் ஆனவரின் குடும்பப் பெயரை நாம் 'பெஸ்கி' என்றே எழுதிவருகிறோம். எஸ்ஸெ, சி, ஆக்கா, ஈ என்ற நான்கு எழுத்துகளும் வரிசையாக நிற்கும் பெயர் அது. ஆங்கிலக் கண்ணோடு படிப்பவர் 'பெஷி' என்று வாசித்துவிடுவார். தமிழர்கள் காதால் கேட்டு எழுதியதால் சரியாகவே எழுதினார்கள். அதே எழுத்துக் கூட்டுத்தான் ப்ருஸ்-கெத்-த என்ற வறுத்த ரொட்டியிலும் இருக்கிறது. ஆக்காவை எடுத்துவிட்டால் எஸ்ஸெயும் சியும் சேர்ந்து ஷகரம் ஆகிவிடும். பெ-ஷெ என்றால் மீன். பெ-ஸ்கெ என்றால் பீச் பழங்கள். ஆக்கா இருக்கிறதா என்று பார்க்காமல் ஆர்டர் கொடுத்தால் மேசைக்கு வேறு ஏதாவது வரும்.

ககரம் ஏன் எகர, இகரத்துக்கு முன்னால் மட்டும் சகரம் ஆனது என்று கேட்பவர்களுக்கு: இலத்தீனில் எல்லா இடத்திலும் அது ககரமாகவே இருந்தது. முன்னுயிர்கள் நாக்கை முன்னால் இழுத்தன. ககரம் மெல்ல இடம் பெயர்ந்தது. கன்னடத்தில் 'கிவி' என்பது தமிழில் 'செவி' ஆனதும், கன்னடத்தின் 'கெம்பு' நம் 'செம்மை'யோடு உறவாக இருப்பதும் இதே வகை மாற்றந்தான். ஆகவே இந்த விதியை விசித்திரம் என்று ஒதுக்க நமக்கு உரிமையில்லை.

ஜியும் என்னெயும் சேர்ந்தால் நம் ஞகரம். 'விஞ்ஞானம்' சொல்லத் தெரிந்தவருக்கு இதில் பாடமே இல்லை. குளியலறை பஞ்-ஞொ, சீமாட்டி ஸிஞ்-ஞோ-ர, நகரம் பொ-லொஞ்-ஞ. ஜியும் எல்லெயும் இகரமும் சேர்ந்தால் வரும் ஒலிதான் தமிழில் இல்லாதது. லகரத்தையும் யகரத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அல்ல, ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும்: நாக்கின் நுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் வைத்து, நடுநாக்கை அண்ணத்தில் அப்பிக்கொண்டு 'ல்ய' சொல்லிப் பாருங்கள். மகன் என்பதற்கான ஃபில்-ல்யொ அப்படித்தான் வரும். வீரமாமுனிவர் பிறந்த ஊரான கஸ்திலியோனெயின் நடுவிலும் இந்த ஒலி இருக்கிறது.

மற்றவை எளிது. ஸகரம் இரண்டு உயிர்களுக்கு நடுவே வடக்கில் அதிர்ந்து ஒலிக்கும், இடத்துக்கு இடம் மாறும், கவலை வேண்டாம். கடைசி எழுத்தான ஸேதா சில சொற்களில் 'த்ஸ' (பித்-த்ஸ), சிலவற்றில் அதன் மெலிந்த வடிவம். அகராதியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எகரத்திலும் ஒகரத்திலும் வாய் அகன்றது, ஒடுங்கியது என இரு வகை உண்டு. இத்தாலியர்களே ஊருக்கு ஊர் மாற்றிச் சொல்கிறார்கள். முதல் ஆண்டில் அதைத் தொடாதீர்கள்.

நம் நாக்கின் மூன்று பழக்கங்கள்

தமிழர்களிடம் மட்டும் வரும் பிழைகள் சில உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்தப் பாடநூலும் இவற்றைச் சொல்லாது. ஒன்று, சொல் முதலில் எகரம் வந்தால் யகரத்தைச் சேர்ப்பது, ஒகரம் வந்தால் வகரத்தைச் சேர்ப்பது. 'எலி'யை 'யெலி' என்கிறோம் அல்லவா? 'இதோ' என்று பொருள்படும் எக்-கொ இத்தாலியத்தில் யெக்கொ ஆகக் கூடாது.

இரண்டு, உடம்படுமெய். இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து நின்றால் நமக்குப் பொறுக்காது. நடுவே ய் அல்லது வ் வைத்துவிடுவோம். கவிஞர் பொ-ஏ-த. நாடு ப-ஏ-ஸெ. அச்சம் ப-ஊ-ர. இவற்றைப் பொயேத, பயேஸெ, பவூர என்று சொன்னால் தமிழ் வாடை அடிக்கும். குரலை நிறுத்தாமல், நடுவில் எந்த மெய்யையும் நுழைக்காமல், உயிரிலிருந்து உயிருக்கு வழுக்கிச் செல்ல வேண்டும்.

மூன்று, மெல்லினத்துக்குப் பின்னால் வரும் வல்லினத்தை மெலிப்பது. இதுதான் மோசமானது. எவ்வளவு என்று கேட்க ஒரு சொல், எப்போது என்று கேட்க ஒரு சொல். இரண்டையும் தமிழில் எழுதினால் க்வன்-தொ என்று ஒன்றாகவே விழும். முதலாவதில் 'தலை'யின் த, இரண்டாவதில் பந்தின் த. சந்தையில் தக்காளியைக் கையில் எடுத்துக்கொண்டு விலை கேட்கப்போய், 'எப்போது?' என்று கேட்டுக்கொண்டு நிற்பீர்கள். மருந்து இதுதான்: க்வன் என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள், பிறகு 'தொடக்கம்' என்ற சொல்லை ஆரம்பிப்பதுபோலத் தொ சொல்லுங்கள். இடைவெளியைப் படிப்படியாகக் குறையுங்கள். வயல் என்பதற்கான கம்-பொ, காலம் என்பதற்கான தெம்-பொ, நூறு என்பதற்கான சென்-தொ எல்லாவற்றுக்கும் இதே பயிற்சிதான். குற்றியலுகரத்தையும் விட்டுவிட வேண்டும்: இத்தாலிய உகரம் எங்கே வந்தாலும் இதழ் குவிந்த முழு உகரம்.

அசை பிரிக்கும் விதிகள்

உயிர் இல்லாமல் அசை இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் வந்தால் அது அடுத்த அசைக்குப் போகும்: அ-மோ-ரெ, கா-ஸ, தா-வொ-லொ. மெய் இரட்டித்தால் நடுவில் வெட்டு: நொத்-தெ, கப்-பெல்-லொ. ல, ம, ன, ர நான்கில் ஒன்று முன்னால் நின்று வேறொரு மெய் தொடர்ந்தால் அங்கும் வெட்டு: அல்-தொ, கம்-பொ, கன்-தொ, பொர்-த. தமிழ் யாப்பில் ஒற்று முந்தைய அசையோடு ஒட்டுவதுபோலத்தான். இதுவரை நமக்கு வேலையே இல்லை.

வேறுபாடு இங்கே தொடங்குகிறது. மெய்க்குப் பின்னால் லகரமோ ரகரமோ வந்தால் இரண்டும் பிரியாமல் அடுத்த அசைக்குப் போகும். புத்தகம் லீ-ப்ரொ, கம்பத்தின் ப. திறப்பது அ-ப்ரீ-ரெ. மூன்று மெய்கள் வந்தால் முதலாவதை வெட்டிவிட்டு மற்ற இரண்டையும் சேர்த்து அனுப்புங்கள்: அல்-த்ரொ, ஸெம்-ப்ரெ. ஞகரம், ஷகரம் போன்ற ஒலிகளை இரண்டு மூன்று எழுத்துகள் சேர்ந்து குறித்தாலும் அவற்றைப் பிரிக்கக் கூடாது. எழுத்தில் அவை அடுத்த அசையில்தான் நிற்கும். ஒலியில் உயிர்களுக்கு நடுவே எப்போதும் இரட்டிக்கும். அதனால்தான் மேலே பஞ்-ஞொ என்று எழுதினேன்.

ஸகரம்தான் வில்லங்கமானது. ஸகரத்துக்குப் பின் எந்த மெய் வந்தாலும், இலக்கணப்படி ஸகரமும் அடுத்த அசைக்கே போக வேண்டும்: ப-ஸ்த, தெ-ஸ்த, ஃபி-னெ-ஸ்த்ர. வரி முடிவில் சொல்லை உடைக்கும்போது இத்தாலியப் பள்ளிக்கூடங்கள் இதைத்தான் எதிர்பார்க்கின்றன. காது வேறு சொல்கிறது. அழுத்தம் விழும் திறந்த அசையில் உயிர் நீள வேண்டும். ரொட்டி என்பது பா-னெ, நீள்கிறது. ப-ஸ்தவின் முதல் அகரமோ நீள்வதில்லை, மூடிய அசைபோலக் குறுகியே ஒலிக்கிறது. அதாவது பேனா ப-ஸ்த என்று வெட்டுகிறது, வாய் பஸ்-த என்று வெட்டுகிறது. எழுதும்போது பேனாவையும் பேசும்போது வாயையும் நம்புங்கள். 'பாஸ்டா' என்ற நம் எழுத்தில் டகரம் மட்டுமல்ல, அந்தக் காலும் பிழை.

உயிர்களில் இ, உ இரண்டும் அழுத்தமில்லாமல் இன்னோர் உயிரோடு சேர்ந்தால் ஓரசை: பியே-தெ (கால், பந்தின் த), ஃபியோ-ரெ (பூ), வுவோ-மொ (மனிதன்). அவற்றின் மீதே அழுத்தம் விழுந்தால் தனியசை: வீ-அ (தெரு), த்ஸீ-ஒ (மாமா). அ, எ, ஒ தமக்குள் சேர்ந்தால் எப்போதும் பிரியும்: லெ-ஓ-னெ (சிங்கம்).

இரட்டை மெய்: நம் சொந்த வீடு

ஆங்கிலேயருக்கும் ஜெர்மானியருக்கும் இத்தாலியத்தில் கண்ணைக் கட்டும் இடம் இது. நமக்கு இது பிறவிச் சொத்து. 'கனி'க்கும் 'கன்னி'க்கும், 'இலை'க்கும் 'இல்லை'க்கும் உள்ள வேறுபாட்டை எந்தத் தமிழ்க் குழந்தைக்கும் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. இத்தாலியத்தில் பா-ல என்றால் மண்வாரி, பல்-ல என்றால் பந்து. பே-ன தண்டனை, பென்-ன பேனா. ஸே-தெ தாகம், ஸெத்-தெ ஏழு. க-பெல்-லொ தலைமுடி, கப்-பெல்-லொ தொப்பி. கா-ரொ அன்புக்குரியவர், கர்-ரொ வண்டி. இங்கே ரகரத்தை உருட்ட வேண்டும், 'ற்ற' என்று சொல்லக் கூடாது.

இரட்டித்தால் முந்தைய அசை மூடிக்கொள்கிறது. மூடினால் உயிர் குறுகுகிறது. எனவே கேட்பவரின் காதுக்கு இரண்டு சான்றுகள் கிடைக்கின்றன: மெய்யின் நீளம், உயிரின் குறுக்கம். ஒன்பதாவது என்பது நோ-னொ. தாத்தா என்பது நொன்-னொ. இந்த ஓகார ஒகர வேறுபாட்டை ரோமன் எழுத்து காட்டாது, தமிழ் எழுத்து காட்டுகிறது. நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் வகுத்தவர் என்று நாம் போற்றுவது அதே பெஸ்கியைத்தான். ஓர் இத்தாலியர் திருத்திய எழுத்தில் இத்தாலியத்தை ரோமன் எழுத்தைவிட நுட்பமாக எழுத முடிகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நம் சாலைகளில் ஓடும் மூன்று சக்கர வண்டியின் 'ஆப்பே' என்ற பெயரைப் பாருங்கள். 1948இல் இத்தாலியில் வந்த அந்த வண்டியின் பெயருக்குத் தேனீ என்று பொருள். அங்கே அது ஆ-பெ. பகரம் ஒற்றை, ஆ நெடில். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் வந்த அக்கா வண்டியான வெ-ஸ்ப, குளவி.

அழுத்தம் எங்கே விழும்?

பெரும்பாலான சொற்களில் கடைசிக்கு முந்தைய அசையில். இவற்றைப் பியானெ, சமதளமானவை, என்பார்கள். கடைசி அசையில் விழுந்தால் த்ரொங்கெ, வெட்டப்பட்டவை. கடைசியிலிருந்து மூன்றாவது அசையில் விழுந்தால் ஸ்த்ருச்சொலெ, வழுக்குபவை. உண்மையிலேயே வழுக்கிவிடும்: தெ-லே-ஃபொ-னொ, மூ-ஸி-க, ஈ-ஸொ-ல, தா-வொ-ல. நேப்பிள்ஸ் நகரின் சொந்தப் பெயர் நா-பொ-லி, ஜெனோவாவின் பெயர் ஜே-னொ-வ. வினைச்சொற்களில் நான்காவது அசைக்கும் போவது உண்டு: தெ-லே-ஃபொ-ன-னொ, 'அவர்கள் தொலைபேசியில் அழைக்கிறார்கள்'.

ஒரு நம்பகமான குறிப்பு உண்டு. கடைசிக்கு முந்தைய அசை மெய்யால் மூடியிருந்தால் அழுத்தம் அங்கேதான்: மொ-மென்-தொ, ர-கத்-த்ஸொ. இலத்தீனிலிருந்து வந்த விதி. மீறுபவை சிலவே, பாதாம் பருப்பான மந்-தொர்-ல, தென்கோடித் துறைமுகமான தா-ரன்-தொ இரண்டிலும் முதலசையில்தான் அழுத்தம். திறந்த அசையாக இருந்தால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தில் குறி இராது. ஸூ-பி-தொ என்றால் உடனே. ஸு-பீ-தொ என்றால் அனுபவித்தது, பட்டது.

வெட்டப்பட்டவற்றுக்கு மட்டும் கடைசி உயிரின்மேல் கோடு போட்டு எழுதுகிறார்கள். பெயர்க்காரணம் அழகானது. இலத்தீனில் 'கீவிதாதெம்' என்று இருந்த சொல்லில் 'தா' மேல் அழுத்தம் இருந்தது. பின்னால் இருந்த வால் உதிர்ந்துபோக, அழுத்தம் பெற்ற அசையே கடைசி அசையாகிவிட்டது: சித்-த, நகரம். பல்கலைக்கழகம் என்பதற்கான உ-னி-வெர்-ஸி-த என்ற சொல்லும் அதே கதை. இங்கே உயிர் நீளாது. குறிலாகவே, ஆனால் ஓங்கி ஒலிக்க வேண்டும்.

அழுத்தம் தெரிந்தால் பன்மையும் தெரியும். 'கொ' என்று முடியும் ஆண்பாற் சொற்களில், சமதளச் சொல்லாக இருந்தால் ககரம் நிலைக்கும்: நெருப்பு ஃபுவோ-கொ, பன்மை ஃபுவோ-கி. வழுக்கும் சொல்லாக இருந்தால் ககரம் சகரம் ஆகும்: மருத்துவர் மே-தி-கொ, பன்மை மே-தி-சி. நண்பன் இந்த விதிக்குக் கட்டுப்படமாட்டான்: அ-மீ-கொ, அ-மீ-சி. பகைவனும் அப்படியே, நெ-மீ-சி. பெண்பாலில் தகராறே இல்லை. எப்போதும் ககரம்: அ-மீ-கெ.

வல்லினம் மிகும் இடங்கள் அங்கேயும் உண்டு

இதை முதன்முதலாகக் கேட்கும் தமிழர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு உட்காருவார். 'வீட்டுக்கு' என்பதை இத்தாலியத்தில் அ, கா-ஸ என்று இரண்டு சொல்லாக எழுதுவார்கள். ஃபுளோரன்ஸிலும் ரோமிலும் தெற்கிலும் அதை அக்-கா-ஸ என்று சொல்வார்கள். 'மூன்று நாய்கள்' த்ரெக்-கா-னி. தீ, பெட்டி சேர்ந்து தீப்பெட்டி ஆவதுபோல நடுவில் ஒற்று மிகுகிறது. நம்மைப்போல க, ச, த, ப மட்டுமல்ல, வகரமும் மகரமும்கூட அங்கே மிகும்: 'உண்மைதான்' என்பது எவ்-வே-ரொ.

எல்லாச் சொற்களுக்குப் பின்னாலும் மிகாது. வெட்டப்பட்ட சொற்களுக்குப் பின்னால் மிகும். அ, எ, த்ரெ, கெ போன்ற சில ஓரசைச் சொற்களுக்குப் பின்னாலும் மிகும். காரணம் வரலாற்றில் இருக்கிறது. அந்த 'அ' இலத்தீனில் 'அத்' என்று மெய்யோடு இருந்தது. அந்த மெய் தனித்து அழியாமல், அடுத்த சொல்லின் முதல் மெய்யாக மாறி அங்கேயே ஒட்டிக்கொண்டது. பிறகு பிற சொற்களுக்கும் பழக்கம் பரவியது. மிலானிலும் வெனிஸிலும் இப்படி மிகாது. வடக்கத்தியார் எழுதியபடியே சொல்வார்கள். எனவே நீங்கள் மிகாமல் பேசினாலும் யாரும் குறைசொல்லப்போவதில்லை. கேட்கும்போது குழம்பாமலிருக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் இரு சொற்களும் ஒட்டி ஒரே சொல்லாகிவிட்டால் இரட்டிப்பை எழுதியே ஆக வேண்டும். உதாரணங்களைப் பாருங்கள்: அ, தீ-ஒ (கடவுள்) சேர்ந்து அத்-தீ-ஒ, பிரியாவிடை. எ, பூ-ரெ சேர்ந்து எப்-பூ-ரெ, 'ஆனாலும்'. ஒ, பூ-ரெ சேர்ந்து ஒப்-பூ-ரெ, 'அல்லது'.

வேரைத் தோண்டுதல்

ரக்தம் ரத்தம் ஆனது, சப்தம் சத்தம் ஆனது, முக்தி முத்தி ஆனது. மயங்காத இரு மெய்கள் மோதினால் பின்னது முன்னதை விழுங்கும். இலத்தீன் இத்தாலியமாக மாறியபோது நடந்ததும் அட்சரம் பிசகாமல் இதுவே. எட்டு என்ற 'ஒக்தோ' ஒத்-தொ ஆனது. ஏழு என்ற 'ஸெப்தெம்' ஸெத்-தெ ஆனது. இரவு நொத்-தெ, பால் லத்-தெ. இந்த ஒரு திறவுகோலை வைத்துக்கொண்டு நமக்குத் தெரிந்த ஆங்கில வழிச் சொற்களைத் திறக்கலாம்: டாக்டர் தொத்-தோ-ரெ, டைரக்டர் தி-ரெத்-தோ-ரெ, செப்டம்பர் ஸெத்-தெம்-ப்ரெ, அக்டோபர் ஒத்-தோ-ப்ரெ. ஒலி பொருந்திவிட்டது என்பதற்காகப் பொருளையும் நம்பிவிடாதீர்கள். ஃபாக்டரியை இப்படி மாற்றினால் ஃபத்-தொ-ரீ-அ வரும். அதற்குப் பண்ணை என்று பொருள். தொழிற்சாலைக்கு ஃபப்-ப்ரி-க, அழுத்தம் முதலசையில், கம்பத்தின் ப.

இரண்டாவது திறவுகோல்: மெய்க்குப் பின் நின்ற லகரம் இகரமாகக் குழைந்தது. இலத்தீனின் 'ஃப்ளோரெம்' ஃபியோ-ரெ, பூ. 'ப்ளானுஸ்' பியா-னொ, சமதளம், மெதுவானது; பியானோ இசைக்கருவியின் பெயரும் இதிலிருந்து வந்ததே. 'க்ளாவெம்' கியா-வெ, சாவி. ஃபுளோரன்ஸ் நகரத்தை இத்தாலியர்கள் ஏன் ஃபி-ரென்-த்ஸெ என்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்.

மூன்றாவதில்தான் அசையும் வேரும் கைகோக்கின்றன. இலத்தீனின் குறில் எகர, ஒகரங்கள் அழுத்தம் பெற்ற திறந்த அசையில் இருந்தால் 'இயெ', 'உவொ' என்று பிளந்தன. அழுத்தம் வேறு அசைக்கு நகர்ந்தால் பழைய உயிர் திரும்பிவிடும். புதியது நுவோ-வொ, புதுமை நொ-வி-த, அழுத்தம் கடைசியில். கால் பியே-தெ; நடந்துசெல்பவர் பெ-தோ-னெ. நெருப்பு ஃபுவோ-கொ, அடுப்படி ஃபொ-கொ-லா-ரெ. 'வருகிறான்' வியே-னெ, வருதல் வெ-னீ-ரெ. மூடிய அசையில் பிளவே நடக்கவில்லை. உடல் கொர்-பொ என்றே நின்றுவிட்டது. அகராதியில் ஒரு சொல் கிடைக்கவில்லை என்றால் 'உவொ'வை ஒகரமாக்கித் தேடிப் பாருங்கள்.

முன்னொட்டு, பின்னொட்டுகளைக் கழற்றத் தெரிந்தால் ஒரு வேரிலிருந்து ஒரு குடும்பமே கிடைக்கும். பா-னெ ரொட்டி. 'ஈனொ' சேர்ந்தால் சிறியது: ப-னீ-னொ. 'ஓனெ' சேர்ந்தால் பெரியது: ப-னெத்-தோ-னெ, மிலானின் கிறிஸ்துமஸ் கேக், அதன் நடுவில் இருக்கும் 'எத்' சிறுமை ஒட்டு, அதாவது சிறியதை மறுபடி பெரிதாக்கியிருக்கிறார்கள். ரொட்டியைப் பகிர்ந்துகொள்பவன் கொம்-பஞ்-ஞொ, தோழன். எல்லா ஒற்றுமையும் உறவு ஆகாது. அன்-தி-ப-ஸ்தொ என்ற முன்னுணவில் ப-ஸ்த இல்லை. அது உணவுவேளை என்று பொருள்படும் ப-ஸ்தொ என்ற வேறு வேர். சொல்முதலில் ஒற்றை ஸகரம் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் எதிர்மறை: நற்பேறு ஃபொர்-தூ-ன, அதன் எதிர் ஸ்ஃபொர்-தூ-ன. 'இன்' என்ற மறுப்பு ஒட்டு அடுத்த மெய்க்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்ளும்: பகரத்துக்கு முன் 'இம்', லகரத்துக்கு முன் 'இல்', ரகரத்துக்கு முன் 'இர்'. ஒவ்வொரு முறையும் அசை சரியாக அங்கேயே வெட்டுப்படும்.

ஒரு நீண்ட சொல்லை வைத்துப் பழகலாம்

இத்தாலியர்கள் வேடிக்கைக்காகக் காட்டும் 26 எழுத்துச் சொல் ஒன்று உண்டு. 'தலைதெறிக்கும் அவசரத்தில்' என்பது பொருள். முதலில் வெட்டுங்கள்:

ப்ரெ-சி-பி-தெ-வொ-லிஸ்-ஸி-மெ-வொல்-மென்-தெ.

பதினோர் அசைகள். அவற்றில் மூன்று மட்டும் மூடியவை: லிஸ், வொல், மென். கடைசிக்கு முந்தைய 'மென்' மூடியிருப்பதால் முதன்மை அழுத்தம் அங்கே. 'லிஸ்-ஸி'யில் இரட்டிப்பைக் கைவிடாதீர்கள். 'தெ' இரண்டு இடங்களில் வருகிறது. இரண்டாவது னகரத்தை அடுத்து நிற்கிறது, அங்கே நாக்கு மெலிக்கப் பார்க்கும், விடக் கூடாது.

இனிப் பின்னாலிருந்து கழற்றுங்கள். 'மென்-தெ' பெயரடையை வினையடையாக்குவது, நம் 'ஆக'போல. 'இஸ்-ஸி-ம்' மிகுதி. 'எவொல்' இயல்பைக் குறிப்பது. வேடிக்கைக்காக இரண்டு முறை ஒட்டியிருக்கிறார்கள். மிஞ்சுவது ப்ரெ-சி-பித், தலைகுப்புற விழு என்ற வினையின் அடி. அதற்குள்ளும் 'ப்ரெ' என்றால் முன். அடுத்து நிற்கும் 'சிப்' இலத்தீனில் தலையைக் குறிக்கும் 'கபுத்' என்ற சொல்லின் திரிபு. இகரத்துக்கு முன் வந்ததால் ககரம் சகரமாயிற்று. அதே 'கபுத்' முதலசையில் அகரத்தோடு நின்றபோது ககரம் கெடாமல் கா-பொ ஆனது: இன்றைய இத்தாலியத்தில் தலைவன், மேலாளர், தலை. எதையும் அசை அசையாக மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்; வேகத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.